ஏ6க்கு என்ன பதில்?

1980 ஜனவரியில் ஸ்வீடனின் ஸ்காரா நகரத்தில் ஐரோப்பிய அணிகளுக்கான செஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே வெள்ளைக் காய்களுடன் உட்கார்ந்திருந்தவர் உலகச் சாம்பியன் அனடோலி கார்போவ். எதிரே பர்மிங்காம்காரரான டோனி மைல்ஸ். கார்போவ் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்: இ4. இதற்கு ஐந்தாறு மரியாதையான பதில்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அலமாரி நிறையப் புத்தகங்களும் உண்டு. மைல்ஸ் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார்: ஏ6. அடுத்ததாக அதன் பக்கத்துச் சிப்பாயை பி5க்குத் தள்ளினார். செஸ் கற்ற முதல் வாரத்தில் ஒரு குழந்தை இப்படி ஆடினால், நடுக்கட்டங்களைப் பிடி என்று திருத்துவோம். 46ஆவது நகர்வில் உலகச் சாம்பியன் தோற்றார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் மைல்ஸின் துணிச்சலோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அக்கறை மேஜையின் மறுபக்கத்தில். ஒருவர் உங்கள் முன்னால் ஏ6 வைக்கிறார். சட்டம் அதை அனுமதிக்கிறது, வழக்கம் அனுமதிக்கவில்லை. இப்போது நீங்கள் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறீர்கள்? கடன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். இது உத்தி பற்றிய கேள்வி மட்டுமாக இருந்தால் கணினியிடம் கேட்டுவிட்டுப் போய்விடலாம். கணினியின் பதிலும் தெரிந்ததுதான்: வெள்ளைக்குச் சற்று மேன்மை, ஒரு சிப்பாயின் மதிப்புக்கும் குறைவானது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது வேறு விஷயம்.

நான் பர்மிங்காம் பக்கத்தில் ஒரு கிளப்புக்காக ஆடுகிறேன். நாலாம் பலகை, சில வாரங்களில் ஐந்தாம் பலகை. வாரநாள் மாலை ஏழரைக்குத் தேவாலயக் கூடத்திலோ மதுக்கடை மாடியிலோ தொடங்கி, கூடத்தைப் பூட்டுகிறவர் வந்து நிற்பதற்குள் முடிக்கவேண்டிய ஆட்டங்கள். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் எல்லோரும். பன்னிரண்டு வருடமாக அந்த முகங்களைப் பார்த்து வருகிறேன். வழக்கமான தொடக்கம் வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஜி4 மாதிரி ஒன்று வந்துவிட்டால் புருவம் ஏறும், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். சிலர் தலையைத் தூக்கிப் பக்கத்துப் பலகைக்காரரைப் பார்ப்பார்கள், சாட்சி தேடுவதுபோல. ஆட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது வரும் சொல் எப்போதும் ஒன்றுதான்: அதை நான் தண்டித்திருக்க வேண்டும்.

தண்டிப்பது என்பது ஆங்கிலச் செஸ் பேச்சில் புழங்கிப்போன சொல். யாரும் அதை நின்று கேட்பதில்லை. தண்டனை என்றால் அதற்கு முன்னால் ஒரு குற்றம் இருக்கவேண்டும். ஜி4 என்ன குற்றம் செய்தது? ராஜாப் பக்கத்துக் காவலைக் கொஞ்சம் தளர்த்தியது, எஃப்4, எச்4 கட்டங்களைச் சற்றுப் பலவீனமாக்கியது. இது ஆடுகிறவரின் சொந்த வீட்டுக் கூரைதான். பெயர்த்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. மழை வந்தால் நனையப்போவதும் அவர்தான். அப்படியிருக்க எதிரே உட்கார்ந்தவருக்கு ஏன் கோபம் வரவேண்டும்?

ஏனென்றால் அவர் படித்துவிட்டு வந்திருக்கிறார். இதைத்தான் பலரும் ஒத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து சிசிலியன் தற்காப்பின் ஒரு கிளையைப் பதினெட்டாவது நகர்வுவரை மனப்பாடம் செய்து வைத்திருப்பவருக்கு, அந்தப் படிப்பு ஒரு சொத்து. வங்கியில் போட்ட பணம்போல அதற்கு வட்டி எதிர்பார்க்கிறார். எதிராளி முதல் நகர்விலேயே ஏ6 என்று வைத்தால் அந்தச் சொத்து ஒரே இரவில் செல்லாத நோட்டாகிவிடுகிறது. கோபத்தின் பாதி அங்கிருந்து வருகிறது. மறுபாதி, நியாயம் என் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பிலிருந்து. நான் ஒழுங்காக ஆடினேன், அவன் ஒழுங்கு தப்பினான், ஆகவே வெற்றி எனக்கு வரவேண்டியது. வரவேண்டியது என்ற அந்தச் சொல்லில்தான் ஆட்டம் போகிறது. தனக்கு வரவேண்டியதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவன் அடுத்த நாற்பது நகர்வுகளையும் தானே கண்டுபிடித்தாகவேண்டும் என்பதை மறந்துவிடுகிறான்.

கார்போவ் அப்படி மறந்தாரா என்று நான் சொல்லப்போவதில்லை. ஆட்டத்தின் தாளைப் பார்த்தால் முதல் எட்டு நகர்வுகளில் ஆத்திரத்தின் அடையாளம் எதுவும் இல்லை. குதிரை வெளியே வருகிறது, பிஷப் வருகிறது, ராணி ஒரு கட்டம் ஏறுகிறது. ஒன்பதாவது நகர்வில் நடுச்சிப்பாய் இ5க்கு முன்னேறிக் கறுப்புக் குதிரையை விரட்டுகிறது. பிற்பாடு வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்ந்து கறுப்பு ராஜாவைச் சீண்டுகிறது. மைல்ஸ் நிதானமாகக் காவல் போடுகிறார். கடைசியில் பி2 சிப்பாயும், முன்னேறிப்போன அந்த இ5 சிப்பாயும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பு ராணிக்கு இரையாகின்றன. ஏ6 ஜெயித்தது என்று சொல்வது தவறு. ஏ6 தோற்கவில்லை, அவ்வளவுதான். ஜெயித்தவை மைல்ஸின் அடுத்த நாற்பத்தைந்து நகர்வுகள்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆட்டமும் உண்டு. 1970இல் பெல்கிரேடில் சோவியத் ஒன்றியத்துக்கும் மற்ற உலக நாடுகளின் அணிக்கும் ஒரு போட்டி. உலக அணியின் முதல் பலகையில் டென்மார்க்கின் பென்ட் லார்சன். பாபி ஃபிஷர் விட்டுக்கொடுத்து இரண்டாம் பலகைக்குப் போயிருந்தார், அதுவே ஒரு அதிசயம். லார்சன் பி3 என்று தொடங்கினார். அவருக்குப் பிடித்தமான, அந்தக் காலத்தில் கொஞ்சம் கோணலாகக் கருதப்பட்ட தொடக்கம். எதிரே அப்போதைய உலகச் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. பதினேழாவது நகர்வில் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்பாஸ்கி தன் யானையை எச்1இல் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார். ஒரு சாதாரணச் சிப்பாய் ராணியாகும் வாசலில் போய் நின்றது.

கோணல் தொடக்கத்தைத் தண்டித்ததற்கு உதாரணமாக இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். நகர்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஸ்பாஸ்கி பி3க்கு எதிராக விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. நடுவில் சிப்பாயை வைத்தார், குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவந்தார், ஒன்பதாவது நகர்வில் ராஜாவை ராணிப் பக்கமாகக் கோட்டைக்குள் அனுப்பினார். அதுவரை அவர் செய்ததெல்லாம் எந்தத் தொடக்கத்திலும் செய்யக்கூடியவை. லார்சன் பத்தாவது நகர்வில் எஃப்4 தள்ளிய பிறகுதான் தாக்குதல் ஆரம்பிக்கிறது. அந்த எஃப்4க்கும், அதற்கு முன்னால் ஒரே குதிரையை மூன்று முறை நகர்த்திய நேர விரயத்துக்கும்தான் விலை வாங்கினார். பி3 இன்றைக்கும் உயர்மட்டப் போட்டிகளில் ஆடப்படுகிறது. அது யாரையும் கொன்றதில்லை.

ஸ்டைனிட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் கற்பித்த பாடம் இங்கே பொருந்துகிறது. மேன்மை இல்லாதவனுக்குத் தாக்க உரிமையில்லை. மேன்மை உள்ளவனுக்கோ தாக்குவது கடமை, தாக்காவிட்டால் மேன்மை கரைந்துவிடும். இதைச் செஸ் விதியாகத்தான் படிக்கிறோம். எனக்கு இது ஒழுக்கத்தைப் பற்றிய வாக்கியமாகவே தோன்றுகிறது. ஒரு விநோத நகர்வு எனக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது: ஒரு கட்டம், ஒரு நகர்வின் அவகாசம், ஒரு சிப்பாயில் முக்கால் பங்கு. கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளலாம். கொடுத்ததற்கு மேல் பிடுங்கப் பார்த்தால் அது பேராசை. குறைவாக வாங்கிக்கொண்டால் அதுவும் மரியாதை அல்ல. இந்த இரண்டாவதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை.

இங்கே வந்த புதிதில், முதுகலைப் படிப்பு முடித்து வேலை தேடிய நாட்களில், என்னிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேசிய நல்லவர்கள் நிறையப் பேர். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நான் சொன்ன யோசனை தவறாக இருந்தால்கூட ஆஹா என்பார்கள். கூட்டம் முடிந்ததும் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் செய்வார்கள். எதிர்த்துப் பேசிய ஆட்களிடம்தான் எனக்கு நிம்மதி. நான் வைத்த சிப்பாயைப் பார்த்து, இதை நான் அடிப்பேனே என்று சொன்னவர்கள் அவர்கள். ஜி4 வைத்தவரிடம் இரக்கப்பட்டு ஜி4 சிப்பாயைத் தொடாமல் விடுவதும் அந்த மெதுவான ஆங்கிலம் மாதிரிதான்.

என் தொழிலிலும் இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வருகிறது. பத்து, பதினைந்து வருடம் பழைய மென்பொருளைத் திறந்து படிப்பது எங்கள் வேலையில் பாதி. நடுவில் ஒரு வரி இருக்கும்: மற்றக் கணக்குகள் எல்லாம் இரவு இரண்டு மணிக்கு ஓட, ஒரே ஒரு கிளையின் கணக்கை மட்டும் நாலு மணிவரை நிறுத்திவைக்கும் வரி. பக்கத்தில் ஒரு விளக்கமும் இருக்காது. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த முட்டாள் இதை எழுதினான் என்பது. எழுதியவன் யார் என்று அப்புறம் பார்க்கலாம், இது என்ன செய்கிறது என்று முதலில் கண்டுபிடி என்பேன். சில வரிகளுக்குக் காரணம் இருக்கும். சிலவற்றுக்குக் காரணமே இருக்காது, உண்மையிலேயே முட்டாள்தனமாக இருக்கும், தூக்கி எறிவோம். ஆனால் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது.

வள்ளுவர் ஏறக்குறைய ஒரே சொற்களில் தொடங்கும் இரண்டு குறள்களை இரண்டு அதிகாரங்களில் வைத்திருக்கிறார். அறிவுடைமையில் வருவது, சொன்னவர் யாராக இருந்தாலும் என்கிறது. மெய்யுணர்தலில் வருவது, பொருள் எப்படித் தோன்றினாலும் என்கிறது. முதலாவதை மேடைகளில் அதிகம் கேட்கிறோம். செஸ் பலகை முன்னால் எனக்கு உதவுவது இரண்டாவது.

சுல்தான் கானை நினைக்காமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. பஞ்சாபில் மிட்டா திவானா என்ற ஊர்க்காரர். சிறுவயதில் தந்தையிடம் கற்றது இந்தியச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய முறையில் ராஜாவும் யானையும் சேர்ந்து கோட்டை கட்டும் ஏற்பாடு அதில் இல்லை. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். பலகை அதே அறுபத்துநான்கு கட்டம், காய்களும் அவைதாம், ஆனால் ஆட்டத்தின் வேகம் வேறு. என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்தில் திண்ணையில் ஆடியதும் இந்த மாதிரி ஆட்டம்தான். பேரன் பள்ளிக்கூடத்தில் கற்றுவந்து இ4 என்று இரண்டு கட்டம் வைத்தால், ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று கேட்பார்.

சுல்தான் கான் ஐரோப்பிய விதிகளை வளர்ந்த பிறகுதான் கற்றார். நிலப்பிரபுவும் ராணுவ அதிகாரியுமான சர் உமர் ஹயாத் கானின் பரிவாரத்தில் ஒருவராக 1929இல் லண்டன் வந்தார். வந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் அவரே. ஒலிம்பியாடுகளில் பிரிட்டிஷ் அணியின் முதல் பலகையில் ஆடினார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவை வென்றார். 1933 முடியும்போது தன் எஜமானரோடு ஊர் திரும்பியவர், அதற்குப் பிறகு சர்வதேசப் போட்டிக்கு வரவேயில்லை. சர்வதேசச் செஸ் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல், அவர் இறந்து ஐம்பத்தெட்டு வருடம் கழித்து.

அவருடைய ஆட்டங்களை எழுதியவர்கள் எல்லோரும் தொடக்கம்தான் அவருடைய பலவீனம் என்கிறார்கள். கணினியும் ஒத்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தொடக்கங்களைப் பலவீனம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க எனக்கு மனம் வருவதில்லை. சிப்பாய்கள் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்துவரும் ஆட்டத்தில் எதிரிப்படை உங்களைத் தொடுவதற்குப் பல நகர்வுகள் ஆகும். நிதானமாக வீட்டை ஒழுங்குசெய்ய நேரம் இருக்கிறது. அந்த நிதானத்தில் வளர்ந்த கை, புதிய விதிகளுக்குள் வந்த பிறகும் பழைய தாளத்தை விடுவதில்லை. அதை உச்சரிப்பு என்றுதான் சொல்வேன். நான் பேசும் ஆங்கிலத்தில் திருநெல்வேலி இருப்பதுபோல, அவருடைய முதல் பத்து நகர்வுகளில் மிட்டா திவானா இருந்தது. எதிரே இருந்தவர் அந்த உச்சரிப்பைக் கேட்டு இவருக்குச் செஸ் தெரியாது என்று முடிவுகட்டியிருந்தால், முப்பதாவது நகர்வுக்குப் பிறகு, காய்கள் குறைந்து விதிகளின் வித்தியாசம் மறைந்த இடத்தில், உலகத்தின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்றை எதிர்கொண்டிருப்பார்.

நமக்குள்ளேயே இது உண்டு. என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டில் 'அம்மா பேசினவ' என்றால் அம்மா திட்டினார் என்று அர்த்தம். எங்கள் ஊரில் பேசுவது வெறும் பேச்சு, அதற்கு அவர்கள் 'கதைக்கிறது' என்பார்கள். ஒரே மொழி, ஒரே சொல், மதிப்பு வேறு. சொல்லுக்கு மதிப்பைக் கொடுப்பது அது வந்த பலகை.

ஆனால் எல்லா விநோதமும் வெளியூர் உச்சரிப்பு அல்ல. இந்த வாதத்தை அதற்கு மேல் இழுத்தால் இனிப்பாகிவிடும். எங்கிள்ண்ட் காம்பிட் என்று ஒன்று உண்டு. வெள்ளை டி4 வைத்ததும் கறுப்பு இ5 என்று சிப்பாயைத் தானமாக நீட்டும். நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். நாலைந்து நகர்வில் கறுப்பு ராணி உங்கள் வீட்டுக்குள் புகுந்து பி2 சிப்பாயைத் தின்னும். அந்த நேரத்தில் பிஷப்பை சி3க்குக் கொண்டுபோய் ராணியைச் சிறைப்பிடித்துவிட்டோம் என்று நினைத்தீர்களோ, தொலைந்தீர்கள். கறுப்பு பிஷப் பி4க்கு வரும், பிறகு தப்பவே வழியில்லை. சும்மா குதிரையை சி3இல் வைத்திருந்தால் கறுப்புக்குத்தான் திண்டாட்டம். இதை ஆடுகிறவருக்கு இது மோசமான தொடக்கம் என்று தெரியும். எதிராளிக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில் ஆடுகிறார். இங்கே முதல் நகர்வு ஒரு பந்தயம், உங்கள் அவசரத்தின் மீது கட்டியது.

மைக்கேல் பாஸ்மன் வேறு ஜாதி. 2022இல் காலமான இந்த ஆங்கிலேயர் வெள்ளையில் ஜி4 ஆடினார், கறுப்பிலும் அதே சிப்பாயை ஜி5க்குத் தள்ளினார். வருடக்கணக்காக, வலுவான ஆட்டக்காரர்களுக்கு எதிராக, அதில் ஏதோ இருக்கிறது என்று நம்பி ஆடினார். அவர் கண்ட அளவுக்கு அதில் இருந்ததா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்த நம்பிக்கை போலியல்ல. இதே பாஸ்மன்தான் 1996இல் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கான பெரிய செஸ் போட்டியைத் தொடங்கியவர். அதில் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவரவர் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஜி4 ஆடாதே.

பந்தயக்காரர் வைத்தாலும் பாஸ்மன் வைத்தாலும் பலகையில் நிற்பது அதே ஜி4. முதல் நகர்வைப் பார்த்து மனதைப் படிக்க முடியாது. இதற்கு இன்னும் நல்ல உதாரணம் ராஜா இ2க்கு ஏறும் நகர்வு. 2021 மார்ச்சில் ஒரு இணையப் போட்டியில் மேக்னஸ் கார்ல்சனும் நாகமுராவும் மோதியபோது இருவரும் இரண்டாவது நகர்விலேயே ராஜாவை முன்னால் ஏற்றிவிட்டுச் சிரித்தார்கள். இருவருமே அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருந்ததால் அந்த ஆட்டத்தில் பணயம் ஒன்றும் இல்லை. ராஜாக்களை முன்னும் பின்னும் ஆட்டிச் சமன் செய்துகொண்டு போனார்கள். இது விகடம். இதற்கு நூற்றுமுப்பத்தைந்து வருடம் முன்பு, 1886இல், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் போட்டியின் கடைசி ஆட்டத்தில், நியூ ஆர்லியன்ஸில், ஸ்டைனிட்ஸ் ஆறாவது நகர்வில் ராஜாவை அதே இ2க்கு ஏற்றினார். எதிரே ஜூக்கர்டோர்ட். ஸ்டைனிட்ஸ் விளையாடவில்லை. ராஜா தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று அவர் மெய்யாகவே நம்பினார், வருடக்கணக்காக அந்த நம்பிக்கைக்காக வாதாடியும் வந்தார். பத்தொன்பது நகர்வில் ஜெயித்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். ஒரே கட்டம், ஒரே காய்.

ஆகவே என் பதில் இதுதான்: நகர்வுக்குப் பதில் சொல், மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லாதே. இதற்கு எதிராக எழும் வலுவான கேள்வியையும் பார்த்துவிட வேண்டும். நகர்வே அவமதிப்பாக இருந்தால்? உன்னோடு ஆட எனக்கு ஒழுங்கான தொடக்கம்கூடத் தேவையில்லை என்று சொல்வதற்காகவே ஒருவன் ஆடினால்?

போன வருடம் மார்ச்சில் இது நடந்தது. வெளியூர் ஆட்டம், வூஸ்டர் பக்கம். எதிரணியில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவன், நல்ல திறமைசாலி, எங்களில் யாரைவிடவும் தரம் கூடியவன். எங்கள் ஆறாம் பலகைக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபதைத் தாண்டியவர். எதிரணியில் ஆள் குறைந்து பலகை வரிசை மாறியதால் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். பையன் இ4, பெரியவர் இ5. பையன் ராஜாவை இ2இல் வைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, தன் நண்பன் ஆடிய பலகையைப் பார்க்கப் போய்விட்டான். இருவரும் சிரித்துக்கொண்டது கூடம் முழுக்கத் தெரிந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நகர்வைத் தாளில் எழுதினார். ஐந்து நிமிடம் போல யோசித்தார். பிறகு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து கடிகாரத்தை அமுக்கினார். அதற்கப்புறம் டி5. நானாக இருந்தாலும் அவைதாம். மூன்று காய்கள் வெளியே வந்ததும் அவருக்கு நல்ல நிலை இருந்தது. பையன் திரும்பி வந்து உட்கார்ந்தவன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

முப்பத்தெட்டாவது நகர்வில் பெரியவர் தோற்றார். பையன் அந்த அளவுக்கு வலுவானவன், கொடுத்த மேன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பிடுங்கிக்கொண்டான்.

எங்கள் அணித் தலைவர் கொதித்துப்போனார். ஆட்டத்துக்கு இழுக்கு தேடக்கூடாது என்று செஸ் விதிகளில் 11.1 என்ற பிரிவு சொல்கிறது. அதன்படி எழுதிப்போடப் போவதாகச் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. எழுந்துபோய்ச் சிரித்தது வேண்டுமானால் அந்தப் பிரிவுக்குள் வரும். ராஜா இ2க்குப் போனது வராது. பையன் அவமதிக்க நினைத்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நினைப்புக்கு பலகையில் ஒரு கட்டமும் கிடையாது. பெரியவர் அதற்கு இடம் கொடுத்து ராணியை அவசரமாக வெளியே கொண்டுபோய் ராஜாவைத் துரத்தியிருந்தால், அந்த நினைப்பு பலகைக்குள் வந்திருக்கும். கண்ணைமூடிக்கொண்டு, சின்னப்பையன்தானே என்று இரண்டு நிமிடத்தில் ஏதோ ஒன்றை வைத்திருந்தாலும் வந்திருக்கும். அவர் ஐந்து நிமிடம் யோசித்தார். ஸ்டைனிட்ஸ் வைத்த நகர்வுக்குக் கொடுக்கவேண்டிய ஐந்து நிமிடம் அது. தோற்றார் என்பதால் அந்தப் பதில் தவறாகிவிடாது. சரியான நடத்தைக்கு வெற்றியைப் பரிசாகக் கேட்பதும் அந்த 'வரவேண்டியது' கணக்கில்தான் சேரும்.

ஆட்டம் முடிந்து காய்களை அடுக்கும்போது பெரியவர் பையனிடம் கேட்டார், டி5 வைக்காமல் பிஷப்பை முதலில் சி5க்குக் கொண்டுவந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று. பையன் தெரியாது என்றான். இரண்டு பேரும் காய்களை மறுபடி நிறுத்தினார்கள். ராஜா மறுபடி இ2இல். கூடத்தைப் பூட்டுகிறவர் சாவிக்கொத்தோடு வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் எட்டிப் பார்த்தேன். பிஷப் நகர்வு அப்படியொன்றும் மோசமில்லை.

எங்கள் அணித் தலைவர் காரில் ஏறியதும் 11.1ஐ மறுபடி எடுத்தார். எம்5 நெடுஞ்சாலை முழுக்க அதே பேச்சு. பின்னிருக்கையில் பெரியவர் தூங்கிவிட்டார்.